அம்மா ஜெயித்த வார்டு

இன்று, நான் இப்போது குடியிருக்கும் மடவார் வளாகத்தில் தேர்தல் விளம்பரத்துக்காகச் சுவரில் வெள்ளையடித்தார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாடையில், ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த தெரு நினைவுக்கு வந்தது.

எங்கள் வார்டை முதன்முதலாகப் பெண்களுக்கு ஒதுக்கிய வருடம் அது. அம்மா மில் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றாள். "குழாய்த் தண்ணிய நானே கேட்டு வாங்கித் தாரேன்" என்று வீடு வீடாகச் சொல்லி ஜெயித்தாள்.

முதல் கூட்டத்தன்று புதுச்சேலை கட்டி வாசலுக்கு வந்தாள். அப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்கட்டி கெளம்புத?"

"ஓட்டு எனக்குத்தான போட்டாக?"

"எம் மூஞ்சிக்குப் போட்டாக. ஒன் கையெழுத்துக்குக் கூட்ட நோட்டு வீட்டுக்கே வரும்."

சாயங்காலம் தெருப் பெண்கள் எங்கள் வாசலில் காத்திருந்தார்கள். அப்பா கூட்டம் முடிந்து சிரித்தபடி வந்து இறங்கினார்.

"எல்லாரும் என்னையத்தான் கவுன்சிலருன்னு கூப்பிட்டாக!"

"தண்ணி கேட்டீகளா?" என்றாள் அம்மா.

"எந்தத் தண்ணி?"

பெண்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்கள்.