நாடியைத் தூக்கினால் மடை திறக்காதே

தண்ணீர் திறப்பவனுக்கு ஊரெல்லாம் சொந்தம். மடையை மூடினால் ஒருவருமில்லை. சிசிலியில் பலெர்மோ நகரத்துக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் மண்-நீர்ப் பாதுகாப்புச் சங்கத்தில் எனக்கு மடை திறக்கிற வேலை. சங்கம் வேலைக் கடிதம் தந்தால்தான் நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம். இந்தக் கோடையில் அந்தக் கடிதமே கிடைக்காமல் போகப் பார்த்தது. தலையாட்டிப் பிழைப்பவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வாயில் பாண்

தோட்டக்காரி அசுந்தா, "இன்றைக்கு என் முறையா?" என்று கேட்டாள். வாயில் பாண் இருந்ததால் தலையை இரு பக்கமும் ஆட்டினேன். நமக்கு அது 'ஓம்'. அவள் 'இல்லை' என்று எடுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பாத்திக்குத் திருப்ப ஆளில்லாமல் அவளுடைய தண்ணீர் கீழ்த் தோட்டத்துக்குப் போனது. அடுத்த முறைக்குப் பத்து நாள். மரங்களோ ஏற்கெனவே வாடிக் கிடந்தன. அவள் வந்து என் தலையையே முறைத்தாள்.

"உனக்கு வாய் எதற்கு, தின்ன மட்டுமா?"

மண் தெருவுக்குப் போனது

அடுத்தது நீனோ. பாத்திகளுக்குப் புது மண் போட்டிருந்தார். "திறக்கட்டா?" என்றேன். முகம் நிமிர நாடியை மேலே தூக்கி நாக்கால் 'ச்' என்றார். 'ம், நடத்து' என்கிறார் என நினைத்துத் திறந்துவிட்டேன். சிசிலியில் அது 'வேண்டாம்'! மண் முழுக்கத் தெருவுக்கு ஓடியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு நாள் வாளியால் மண்ணை அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டு, சரிவில் கல் வரம்பும் கட்டிக் கொடுத்தேன். நகரத்துக்குள், அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சுமதி கரண்டியை வைத்துவிட்டாள்.

"பெர்மெஸ்ஸோ முடிய ஒரு மாசந்தான் கிடக்கு. தலைய ஆட்டாம வாயத் திறந்து கதையுங்கோ!"

கூட்டம்

முதல் மழைக்குப் பிறகு சங்கக் கூட்டம். மேற்பார்வையாளர் என் மேல் வந்திருந்த இரண்டு முறைப்பாடுகளையும் வாசித்து, "இவனை நிறுத்திவிடவா?" என்று தோட்டக்காரர்களைக் கேட்டார். அசுந்தா, நீனோ, எல்லாருமே நாடியைத் தூக்கினார்கள். பயத்தில் படித்ததெல்லாம் மறந்துபோனது. 'நடத்து' என்றுதான் எனக்குப் பட்டது. மடைச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். நீனோ அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"வேண்டாம் என்றுதானே சொன்னோம்! மழைக்கு ஒரு பிடி மண்கூடப் போகவில்லை, உன் வரம்பு நின்றது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, வேலைக் கடிதமும் கிடைத்தது. ஆனாலும் இன்றைக்கும் யாராவது நாடியைத் தூக்கினால் என் கை முதலில் சாவியைத்தான் தடவிப் பார்க்கிறது.