அக்கா கொடுத்த பந்து

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், அக்காவுக்குத் துணையாக அம்மாவும் அம்மாவுக்குத் துணையாக நானும் கோயம்புத்தூருக்குப் போனோம். அக்கா அப்போது பி.யு.சி. பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவிலேயே உயரமான பெண் அவள்தான். அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று அப்பா கவலைப்பட்டார். அந்த உயரத்தை வைத்தே நல்ல காலேஜில் சேர்த்துவிடலாம் என்று பாஸ்கெட்பால் சார் நம்பினார்.

வருஷம் முழுக்க உள்ளூரில் ஆடும் ஆட்டங்களைப் பார்க்கப் பெரிய காலேஜ்காரர்கள் யாரும் வருவதில்லை. கோடையில் க்ளப் டீம்கள் ஊர் ஊராகப் போய் ஆடும் போட்டிகளுக்குத்தான் வருவார்கள். ஆட்டம் பிடித்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். அது கிடைக்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு ஒன்பது வயது. ஊருக்குப் போகிறோம் என்பது மட்டும்தான் எனக்குச் செய்தி.

இறுதி ஆட்டத்தன்று சார் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார், அவசரத்தில் கன்னடம் வந்துவிடும்.

"மெட்ராஸ்லேர்ந்து காலேஜ் கோச் வந்திருக்காரு. ஒரே ஒரு சீட்டுதான் இருக்காம். இன்னிக்கு பாஸ் பேடாம்மா, வேணாம். பால் வந்தா நீயே போடு."

"சரி சார்" என்றாள் அக்கா.

ஆனால் அவளால் முடியவில்லை. பந்து கைக்கு வந்ததுமே அவள் தலை தானாகத் திரும்பி, யார் தடையில்லாமல் நிற்கிறார்கள் என்று தேடும். பெரும்பாலும் அவளுடைய தோழிதான் நிற்பாள். பந்து அங்கே போகும், தோழி கூடையில் போடுவாள், கூட்டம் தோழியின் பெயரைச் சொல்லிக் கத்தும். சார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு ஆட்டம் புரியாது. பெண் ஏதோ நல்ல காரியம் செய்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"அது என் பொண்ணுங்க. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். தனக்குன்னு எதையும் வெச்சுக்கமாட்டா."

"தெரியுதும்மா" என்று அவர் சிரித்தார்.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். பந்து அக்காவிடம். இரண்டு பேர் மறித்தார்கள். அவள் உயரத்துக்கு எம்பிப் போட்டிருந்தால் விழுந்திருக்கும் என்று சார் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அவர்களுக்கு நடுவே தோழியிடம் அனுப்பினாள். தோழி போட்டாள். ஜெயித்துவிட்டோம்.

கண்ணாடிக்காரர் எழுந்துபோய்த் தோழியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் யார் என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. "நான் வேற, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

ஜூனில் தோழி சென்னைக்குப் போனாள். அக்கா ஒரு துணிக்கடையில் பில் போடப் போனாள். இரண்டு வருஷத்தில் கல்யாணம். அவளைவிடக் குள்ளமான மாப்பிள்ளை, நல்ல மனிதர். ஒருமுறை கேட்டேன், "அன்னிக்கு நீயே போட்டிருக்கலாமில்லக்கா?"

"போட்டிருக்கலாம்டி" என்றாள். "ஆனா அவ ஃப்ரீயா நின்னாளே."

எனக்கு நினைவில் நிற்பது நாங்கள் திரும்பி வந்த ரயில்தான். நல்ல வெயில். டீம் பெண்கள் கோப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். களைப்பில் தோழி அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சேலம் தாண்டியும் அக்கா தோளை அசைக்கவில்லை. முகத்தை மட்டும் வெளியே திருப்பி வைத்திருந்தாள். கேட்டால் எதையும் கொடுத்துவிடுகிற அக்கா, நான் எவ்வளவு கெஞ்சியும் அன்று ஜன்னலோரத்தை மட்டும் எனக்குத் தரவில்லை. அந்தக் கோபத்தில் பெங்களூர் வரும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.