பனிக்கு ஆகாத டயர்

அவனை நான் மன்னித்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. யார் கிளப்பியது என்று தெரியவில்லை. அவனே கிளப்பியிருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நாங்கள் இருவரும் கீழ்பென்னாத்தூரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சொந்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் திருவண்ணாமலைக்கு வந்து டூரிஸ்ட் கார் ஓட்டினேன். ஆசிரமங்களுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் போய் ஏற்றிவருவது, பௌர்ணமிக் கூட்டத்தில் யார் மேலும் இடிக்காமல் வண்டியை நகர்த்துவது, இதுதான் என் தொழில். அவன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தான்.

ஒரு நாள் அவனே வீடு தேடி வந்தான். லித்துவேனியாவில் ஒரு பார்சல் கம்பெனிக்கு வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்றான். அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையவே ரெண்டு நாள் ஆனது. அங்கே பனி கொட்டும் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டேன்.

"பனி ஜாஸ்தியா இருக்குமாமே மச்சான்?"

அவன் சிரித்தான். "பனின்னா இன்னாடா, நம்ம மார்கழி மாசப் பனி மாதிரிதான். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு குல்லா வாங்கிப் போட்டுக்க."

நம்ம ஊரில் விடிகாலையில் புல்லில் நிற்பதும் பனிதான், அங்கே ஆளை மூடுகிற அளவுக்குக் கொட்டுவதும் பனிதான். அந்த ஒரே வார்த்தைக்குள் அவன் என்னை வைத்து மூட்டை கட்டி அனுப்பிவிட்டான்.

அங்கே எனக்குக் கொடுத்தது ஒரு வெள்ளை வேன். என்ஜின் நன்றாக இருந்தது. டயரைப் பார்த்தேன், தேயவும் இல்லை. சரியான வண்டி என்றுதான் நினைத்தேன். என்னோடு வேலை செய்த நேபாளக்காரர் ஒருவர், அங்கே பல குளிர்காலங்களைப் பார்த்தவர், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னார். இது வெயில்காலத்து டயர். குளிர் ஏறினால் இந்த ரப்பர் இறுகிவிடும், ரோட்டைப் பிடிக்காது. பனிக்கு வேறு டயர் இருக்கிறது. அதன் ரப்பர் மெத்தென்று இருக்கும், ரோட்டில் படுகிற மேல் கட்டங்களான பட்டன் முழுக்கச் சீப்பால் கீறின மாதிரி சன்னமான வெட்டுகள் இருக்கும், அந்த வெட்டுகள்தான் பனியைக் கவ்வும். பக்கவாட்டில் ஒரு மலைப் படமும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்டிருக்கும். தன் வண்டியில் கூட்டிப்போய்க் காட்டினார். நகத்தால் அழுத்தினேன், உள்ளே போனது. என் வண்டி டயரில் அழுத்தினேன். நகம்தான் மடங்கியது.

முதலாளியிடம் கேட்டேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். முதல் பனி விழுந்தது. அன்றைக்கு ஒரு சின்ன மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இறங்கி நின்று மச்சானுக்குப் போன் போட்டேன்.

"டேய், கம்பெனிக்காரன்கிட்ட நீ பேசு. பனி டயர் போடாம இந்த வண்டிய எடுக்க முடியாதுடா. வழுக்கிக்கினு போவுது."

"மலை சுத்துற கூட்டத்துலயே வண்டி ஓட்டுனவன், இதுக்குப் போயி பயப்படறியே? மெதுவா ஓட்டு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க மச்சான்."

"மெதுவா ஓட்டுனாலும் நிக்க மாட்டேங்குதுடா."

"சரி சரி, பேசறேன்." போனை வைத்துவிட்டான்.

பேசவில்லை. பேசவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

விபத்து நடந்தது பட்டப் பகலில். இறக்கமான ஒரு தெரு, கீழே நாலு ரோடு சேருகிற இடம். வெள்ளையாக இருந்திருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன். ரோடு கறுப்பாக, மழை பெய்து ஓய்ந்த மாதிரி பளபளத்தது. அது தண்ணீர் இல்லை, ஐஸ். மேலே இருக்கும்போதே பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது. வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போனது, அப்புறம் பக்கவாட்டில் திரும்பியது. சேற்றில் மாட்டினால்கூடச் சக்கரத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு பிடி கிடைக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. நடைபாதையில் கைக்குழந்தையோடு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அண்ணாமலையாரே என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணைத் தொடாமல் தாண்டி வேன் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியது. கம்பத்துக்கும் எனக்கும் நடுவில் என் இடது முட்டி இருந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்த நேபாளக்காரர் பார்க்க வந்தார். அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னார். போன குளிர்காலத்திலும் இதே வேனை ஓட்டியது என் ஊர்ப் பக்கத்து ஆள்தானாம். வயல்காட்டுக்குள் வழுக்கிப் போய் நின்றிருக்கிறான். அடி இல்லை. இவர் முன்னாலேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டு, தமிழில் கத்து கத்து என்று கத்திவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போய்விட்டானாம். அவன் நம்பர் இவரிடம் இருந்தது. போளூர்ப் பக்கம். படுக்கையில் இருந்தபடியே பேசினேன். அவரை அனுப்பியதும் மச்சான்தான்.

"டயரப் பத்தி எல்லாத்தையும் சொன்னேங்க அவர்கிட்ட," என்றார் அந்தப் போளூர்க்காரர். "சரி, நீ வந்துடு, வேற ஆள அனுப்பறேன்னு சொன்னாருங்க."

அந்த வேற ஆள் நான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஒருவேளை நான் கோர்ட்டு, கேசு என்று போய், அலைந்து, ஓய்ந்திருப்பேன். அவன் இன்னொன்று செய்தான். நான் மயக்கத்தில் இருந்த அன்று என் மனைவிக்குப் போன் பண்ணியிருக்கிறான். "தங்கச்சி, மனச தேத்திக்க. குடிச்சிட்டு ஓட்டியிருக்கான். கம்பெனில சொல்றாங்க." கம்பெனி அப்படிச் சொல்லவே இல்லை. வண்டி ஓட்டத் தெரியாத இந்தியன் என்றுதான் சொன்னது. டயரைப் பற்றி நாளைக்கு யாரும் கேட்கக் கூடாது என்று முந்திக்கொண்டு இவன் கட்டிய கதை. அதோடு விட்டானா? பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொன்னான். அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கிற என் மச்சினனிடம் சொன்னான். கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்த என் அப்பாவிடம் போய்ச் சொன்னான்.

என் பெரியப்பா குடித்துக் குடித்தே செத்தவர். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. இது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த இடத்தில் வைத்து அடித்தான்.

கட்டையை ஊன்றிக்கொண்டு நான் ஊருக்கு வந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குடிச்சீங்களா?"

"இல்ல."

"சரி," என்றாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கேட்டாள் இல்லையா? அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. முட்டி வலி மாத்திரைக்கு அடங்கும். இது அடங்கவில்லை. அவனை என்ன செய்யலாம் என்று யோசித்தே அந்தக் கோடை முழுக்கக் கழிந்தது. அவன் பைக்கை எரிப்பது முதற்கொண்டு எல்லாவற்றையும் மனதுக்குள் செய்து பார்த்தேன். எதுவும் போதவில்லை.

அவன் ஆபீஸ் மாடியில். கீழ்த்தளத்தில் ஒரு டயர் கடை. ரொம்ப காலமாக ஊரில் டயர் வியாபாரம் பார்க்கிற ஒரு பாயுடையது. கடையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிக்க ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டேன். போய் நின்றேன்.

பாய் என் காலைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். "தம்பி, வேலைக்கு வர்றியா, அவனுக்காக வர்றியா?"

"ரெண்டுக்கும்தான் பாய்."

"கடைல சண்டை வேணாம். வாய்ல பேசிக்க." அவ்வளவுதான் சொன்னார்.

மாடிப்படி எங்கள் கடையை ஒட்டித்தான் ஏறும். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் பிடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொருத்தனையும் கூப்பிடுவேன். "எந்த நாடுப்பா?" வளைகுடா என்றால் போய்வா என்று விட்டுவிடுவேன். குளிர் நாடு, டிரைவர் வேலை என்றால் ஸ்டூலைப் போட்டு உட்காரவைப்பேன். பக்கத்து ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் ஒரு பழைய டயர்த் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக் கையில் கொடுத்து நகத்தால் அழுத்தச் சொல்வேன். கட்டை மாதிரி இருக்கும். "இது மேல உக்காந்துக்கினுதான் நீ ஓட்டப் போற. பனி டயர் குடுப்பாங்களான்னு மேல போயி கேளு." அப்புறம் பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிக் காட்டுவேன்.

கேட்டார்கள். சிலர் மாடிக்கே போகாமல் அப்படியே பஸ் ஏறினார்கள். சில வீடுகளிலிருந்து அப்பா, அம்மா என்று வந்து, முதலில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பையன்கள் பிழைக்க வேண்டும் என்று நான் இதைச் செய்யவில்லை. மாடியில் நாற்காலி காலியாக இருக்கிற சத்தம் எனக்குக் கீழே கேட்க வேண்டும். அது கேட்க ஆரம்பித்தது.

கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"இன்னாடா வேணும் உனக்கு? வாயத் திறந்து கேளு, செஞ்சிடறேன்."

"எங்க வீட்டுக்கு வா. நான் குடிக்கலன்னு சொல்லு. டயர் விஷயம் முன்னாடியே தெரியும்னு சொல்லு."

"அத சொன்னா அப்புறம் இந்தப் படில எவன்டா ஏறுவான்?"

"இப்ப மட்டும் எவன் ஏறிக்கினு இருக்கான்?"

அவன் மேலே போய்விட்டான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் வந்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்கு. மனைவி தையல் மிஷினில் இருந்தாள். வாசலில் நின்றபடியே, "தங்கச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இவன் குடிக்கல. டயர்தான் காரணம். எனக்கு முன்னாடியே தெரியும். என்ன மன்னிச்சிடும்மா," என்றான்.

எனக்கு இது போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் மிஷினை நிறுத்தினாள். முன்பெல்லாம் அவனை வாய் நிறைய அண்ணா என்பாள். அந்த வார்த்தை இப்போது வரவில்லை.

"உங்க பேச்சக் கேட்டு ஒரு ராத்திரி நான் இவர சந்தேகப்பட்டேன். அந்த ஒரு ராத்திரிய உங்களால திருப்பித் தர முடியுமா?"

அவன் செருப்புப் பக்கம் காலை நகர்த்தினான்.

"முடியாது இல்ல? அப்ப எங்கெங்க போயி சொன்னீங்களோ, அங்கெல்லாம் போயி இதையும் சொல்லுங்க. நானும் வர்றேன்." என்னைப் பார்த்தாள். "ஏங்க, சட்டைய மாத்துங்க."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளாக நான் ஒருத்தன் மட்டும்தான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டோவில் போனோம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவன் மெல்லிய குரலில் சொன்னான். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் என் மனைவி. மறுபடியும் சொன்னான். அடி அண்ணாமலையில் மச்சினன் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டான். அங்கிருந்து கீழ்பென்னாத்தூர். வழி நெடுக மழை. ஆட்டோவில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சீட்டில், ஒருத்தர் தோளோடு ஒருத்தர் இடித்துக்கொண்டு போனோம்.

அப்பா களத்தில் தார்ப்பாய் போட்டு மல்லாட்டையை மூடிக்கொண்டிருந்தார். அவன் மழையில் நின்று சொன்னான். அப்பா தார்ப்பாயின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, "புடி," என்றார். இழுத்துக் கட்டி முடிக்கிற வரைக்கும் அவனைப் பிடிக்க வைத்தார். கட்டி முடித்ததும், "கெளம்பு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டா கால வெச்சிக்கினு மழைல நிக்கற, உள்ள வா," என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அதற்குப் பிறகு குளிர் நாடுகளுக்கு ஆள் அனுப்புவதை அவன் விட்டுவிட்டான். வளைகுடாவுக்கு மட்டும் அனுப்புகிறான். நான் இன்னமும் அந்த டயர் கடையில்தான் இருக்கிறேன். படியேறும்போது தலையை ஆட்டுவான். நான் ஆட்டுவதில்லை.

போன தை மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். வெற்றிலைத் தட்டில் பத்திரிகை வைத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக வந்து அழைத்தார்கள். அவர்கள் போனதும், "போவணுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"போவாம? பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி."

நல்ல புடவை கட்டிக்கொண்டாள். நான் வேட்டி. மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தோம். அட்சதை போட்டோம். பெண்ணை மனதார வாழ்த்தினோம். பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்தோம், வாசலை நோக்கி நடந்தோம். எல்லோரும் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவன் பட்டு வேட்டியோடு ஓடி வந்தான். "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போடா மச்சான். சம்பந்தி வீட்டுக்காரங்கல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்றேன்.

ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த ஓட்டலில், மண்டபத்து வாசல் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தோம். நல்ல பசி. அவள் பூரி சொன்னாள், நான் பொங்கலும் வடையும் சொன்னேன்.