ஒரே இழுப்பு, இரண்டு அட்டை

தைரியநாதன் கால்பந்து ஆட்டத்துக்கு விசில் ஊதப் போகிற ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். யார் சோடா நீட்டினாலும் கும்பிட்டு மறுத்துவிடுவார். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்த மகள் பெல்சிக்கு அதில் பெருமைதான், காரைக்குடியில் நடந்த அந்த இறுதிப் போட்டி வரைக்கும்.

அன்று பெல்சி நாச்சியாபுரம் பெண்கள் அணியில் முன்கள ஆட்டக்காரி. ரெஃப்ரி அவள் அப்பா. வேறு ஆள் இல்லை என்று கால்பந்துச் சங்கத்தார் சொன்னார்கள், இவரும் மறுக்கவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள்.

தொடங்குமுன்பே காரைக்குடிக்காரர் ஒருவர் கத்தினார்: "என்னண்ணே, கோலை வீட்லயே போட்டுட்டு வந்துட்டீகளா?" கூட்டம் சிரித்தது. அப்பாவின் முகம் இறுகியதைப் பெல்சி பார்த்தாள்.

முதல் பாதியில் அவள் பந்தோடு தனியாக ஓடினாள். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். காரைக்குடி அணியின் சத்தியப்பிரியா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விழவைத்தாள். விதிப்படி சிவப்பு அட்டை காட்டி வெளியேற்ற வேண்டும். அப்பா வெறும் எச்சரிக்கையாக மஞ்சளைக் காட்டினார்.

இரண்டாம் பாதியில் சத்தியப்பிரியா அதேபோலத் தனியாகப் பாய்ந்தாள். இன்றைக்கு இதற்கு மஞ்சள்தானே என்று பெல்சியும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா சிவப்பைத் தூக்கினார். கூட்டம் கைதட்டியது.

ஆள் குறைந்த அணிக்கு எதிராகச் சத்தியப்பிரியாவே கோலடித்தாள். மாவட்ட அணிக்கும் அவளைத்தான் எடுத்தார்கள். முன்பு கத்திய மனிதரே அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "பெத்த பிள்ளைன்னுகூடப் பாக்கலையே! நீங்கதாண்ணே ரெஃப்ரி!"

வீட்டுக்கு வந்ததும் பெல்சி கேட்டாள். "அவளுக்கு மஞ்சள் காட்டுனீக. எனக்கு மட்டும் சிவப்பா?"

"நீ செஞ்சது சிவப்புத்தான் தாயி."

"ஆமா, சிவப்புத்தான். அப்ப அவ செஞ்சது?"

அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார்.

"சாப்பிட விடுடி அவுகள," என்றாள் அம்மா இன்பமேரி.

"நல்லாச் சாப்பிடட்டும். நல்ல பேரு வாங்கிட்டு வந்திருக்காகள்ல!"

தோற்ற ஆத்திரத்தில் பேசுகிறோமோ என்று பெல்சி தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. விழுந்தது வேறு யார் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தாலும் சத்தியப்பிரியா அப்போதே வெளியேறியிருப்பாள். பாரபட்சக்காரர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அப்பா பாரபட்சம் காட்டியிருக்கிறார்.

சோற்றைப் பிசைந்தபடியே அவர் சொன்னார்: "அதுவும் சிவப்புத்தான்."

"இதைச் சங்கத்துல சொல்வீகளா?"

"சொல்றேன்."

இரண்டு வருஷமாகிறது. சங்கக் கூட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அங்கே இன்னும் சொல்லவில்லை.