இருபது நிமிடத்தில் மூட வேண்டிய பக்கம்

மலையோடு தொடர்பு அறுந்தால் முதலில் மேகத்தைத் திட்டுவது என் வழக்கம். ஏலத்தோட்டங்களில் உள்ள ஐந்து டிஸ்பென்சரிகளின் கணினிகளைப் போடியில் என் அறையில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். மேலே பதியும் விவரங்களைக் கீழே இறக்கிச் சேர்த்துவைப்பது என் வேலை. மேகம் இறங்கினால் சிக்னல் போகும், இறங்கிக்கொண்டிருக்கும் விவரம் பாதியில் நின்றுவிடும். பாதி நாள் அது உண்மை. மீதி நாள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். ஒரு டிஸ்பென்சரியின் நர்ஸ், கீழே போடி ஆஸ்பத்திரியில் இருந்து போனில் கூப்பிட்டார். பிரசவ வலி எடுத்த ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே மலையிறங்கி வந்திருந்தார்.

"அண்ணே, புள்ள பெறந்துருச்சு. இவளுக்கு ரத்தந்தான் நிக்க மாட்டேங்குது. ஓ நெகட்டிவ். கையில ஒரு பாட்டில்தான் இருக்காம், குடுக்க ஆள் இருந்தா கூட்டியாரச் சொல்றாக. போன முகாம்ல தோட்டத்து ஆளுக எல்லாத்துக்கும் குரூப்பு பாத்தோம்ல, அந்த லிஸ்ட்டு மேல கம்ப்யூட்டர்லதான் கெடக்கு. வெரசா எறக்குங்க."

இறக்கினேன். தொடர்பு கிடைத்தது, ஆனால் ஒரு வரிகூட வரவில்லை. மேகத்தைத் திட்டிக்கொண்டே ஜன்னலைத் திறந்தால், முகடு துடைத்துவைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. மேலே உள்ள கணினிக்கு, இருக்கிறாயா என்று கேட்டு ஒரு சிறு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. கடவுச்சொல் சரியாக இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. மறுபடி இறக்கினேன், மறுபடி பூஜ்யத்திலேயே நின்றது. அங்கே ஒருத்தியின் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகுதான், அந்த மென்பொருளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் புத்தி வந்தது. ஒரே ஒருவர், நர்ஸின் பெயரில், விடிந்ததில் இருந்து இருந்தார். அந்தக் கர்ப்பிணிக்கான பதிவுப் பக்கத்தைத் திறந்து எழுதத் தொடங்கியவர், சேமிக்காமலே ஜீப்பில் ஏறியிருக்கிறார். அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது ஒரு பக்கத்தைத் திருத்தத் திறந்துவைத்திருந்தால், மொத்தப் பட்டியலையும் பூட்டிக்கொள்ளும். அதற்காகத்தான், இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும்படி நானே அமைத்திருந்தேன். நாலைந்து மணி நேரமாகியும் அது மூடவில்லை.

இங்கிருந்தே அந்த இணைப்பை வெட்டிவிடலாம், ஒரு சொடுக்குப் போதும். நல்லவேளை, நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"அத மட்டும் செஞ்சுராதீங்கண்ணே. எத்தன மணிக்கு எந்த ஊசி போட்டேன், பிரஷர் எவ்வளவுன்னு எல்லாம் அதுலதான் அடிச்சு வச்சிருக்கேன். டாக்டரு அதத்தான் கேக்குறாரு."

டிஸ்பென்சரிக்கு போன் போட்டேன். அங்கே கூட்டித் துடைக்கும் அக்கா எடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணினியைத் துணியால் துடைப்பாரே தவிர, இயக்கியது கிடையாது.

"அக்கா, கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்திருக்கா?"

"நாந்தேன் தம்பி."

"நீங்களா? என்ன செய்றீக?"

"நர்சம்மா கௌம்பையில, அக்கா இதப் பாத்துக்கங்க, அணஞ்சிறக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சு. மங்கிக்கிட்டு வரும். இந்த மவுச லேசா அசைச்சா முழிச்சுக்கிருது. டீ குடிக்கக்கூட எந்திரிக்கல."

அவர் அசைக்காமல் விட்டிருந்தால் பட்டியல் எப்போதோ இறங்கியிருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் அழிந்துபோயிருக்கும். மனிதர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நம்பித்தான் அந்த இருபது நிமிடத்தை வைத்தேன். எழுந்து போகாத ஒருவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"கீழ வலது பக்கம் பச்சையா ஒரு கட்டம் தெரியுதாக்கா? அம்ப அங்க கொண்டுபோயி ஒரு தடவ அமுக்குங்க."

"அமுக்குனா அணஞ்சிறாதே?"

"அணையாதுக்கா, என்னை நம்புங்க."

அமுக்கினார். பக்கம் சேமிக்கப்பட்டது, பூட்டு விலகியது. வரிகள் மடை திறந்தது போல் இறங்கின. அத்தனை பெயர்களில் ஓ நெகட்டிவ் இரண்டே பேர். முதல் பெயரை அக்காவிடம் சொன்னதும், "அது ஊருக்குப் போயிருச்சே" என்றார். இரண்டாவதைச் சொன்னேன்.

"அவளா? எதுத்த சரிவுல காய் எடுக்குறா. இருங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம். மேசையை ஒட்டிய ஜன்னலின் கொக்கி விலகியது. பிறகு அவர் அந்தப் பெயரைக் கூவினார். சரிவில் ஒரு பெண் அதை வாங்கிக் கூவினாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. குரல் மாறி மாறிப் பெயர் தூரமாகப் போய், கேட்காமலே போனது. சற்று நேரத்தில், போன வழியே ஒவ்வொரு குரலாகப் பதில் திரும்பி வந்தது. இத்தனை வருடமாக மலைக்கும் போடிக்கும் நடுவே விவரம் கடத்துகிறேன், இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

"கௌம்பிட்டா தம்பி. லோடு ஏத்த நிக்கிற ஜீப்புல வருவா."

நர்ஸுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. காய் எடுத்த கறை விரலில் அப்படியே இருக்க, அவள் இறங்கி உள்ளே போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு நர்ஸ் வெளியே வந்தார்.

"ரத்தம் நின்னுருச்சுண்ணே. கண்ணு முழிச்சுப் புள்ளையக் கேட்டா."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்காகிட்ட போதும்னு சொல்லிட்டீகள்ல?" என்றார்.

நான் சொல்லவில்லை. போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி. எரிஞ்சுக்கிட்டுத்தேன் இருக்கு."