சப்பாத்துக்குள் காகிதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவில் நடந்தது இது. பொந்தியான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பேசி, பெண் பார்க்க நாளும் குறித்தாயிற்று.

சிங்கப்பூர்ப் பத்திரிகையில் கேலிக் கதை எழுதுகிறவர் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. அவர் கதைகளைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். அப்பாவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். அந்த வாரக் கதையில் ஒருவன் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு துரை மாதிரி நடந்து, சேற்றில் வழுக்கி விழுகிறான்.

"இந்தத் தோட்டத்துல சப்பாத்து போடுற தமிழன் நான் ஒருத்தன்தான். என்னைத்தான் எழுதியிருக்கான்! வரட்டும், கோப்பி குடிச்சிட்டுப் போகட்டும். பொண்ணு கிடையாது!" என்று குதித்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதையைத் திரும்பப் படித்தேன். சப்பாத்து பெரிசு. உள்ளே காகிதம் திணித்திருக்கிறது. மழையில் அது ஊறிச் சளக் சளக்கென்கிறது. இடது குதிகாலில் கொப்புளம் வேறு. அப்பா சப்பாத்து அவருக்கு அளவாக இருக்கும். அவரைப் பார்த்து இதை எழுத முடியாது. மாட்டிக்கொண்டு அவதிப்பட்டவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். எவ்வளவோ சொன்னேன். அப்பா காதிலேயே வாங்கவில்லை.

வாத்தியார் வந்த அன்று நல்ல மழை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, லேசாக நொண்டிக்கொண்டே உள்ளே போனார். நான் பின்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வந்து சப்பாத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! உள்ளே ஊறிப்போன காகிதம்! கோப்பி கொண்டுபோக வேண்டியவள், சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் போய் நின்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இதைப் பாருங்கப்பா" என்று காட்டினேன்.

வாத்தியார் நெளிந்தார். "சிநேகிதரோடதுங்க. எங்க போனாலும் இதைத்தான் இரவல் வாங்கிப் போட்டுக்குவேன். கதையில விழுந்தது நான்தாங்க. எல்லாக் கதையிலயும் விழறது நான்தாங்க."

"அப்ப அந்தச் சேறு?" என்றார் அப்பா, விறைப்பாக.

"எங்க பள்ளிக்கூட வாசல்லங்க. பிள்ளைங்க எல்லாரும் பார்த்துட்டாங்க."

"அலமாக்!" என்று அப்பா மலாய்க்காரர் மாதிரி வியந்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வெட்கமே வந்தது. தலையாட்டினேன்.

இன்றைக்கும் யாராவது எழுதியதைப் படித்து, என்னைத்தான் குத்துகிறார்கள் என்று சுருக்கென்று கோபம் வந்தால், எழுதினவருக்கு முதலில் எங்கே வலித்ததோ என்று நினைத்துக்கொள்கிறேன்.