ஆம்பா, பெட்டியா

நானும் என் நண்பனும் பதினெட்டு வருஷமாக ஒரே குழுவில் வாசிக்கிறோம். நான் கிதார், அவன் பேஸ் கிதார். ஹைதராபாத்தில் வளர்ந்த தமிழர்கள் என்பதால் எங்கள் பேச்சில் உருது கலந்துவிடும். இருவருக்கும் பகலில் ஆபீஸ் உண்டு. கல்யாண வரவேற்போ கல்லூரி விழாவோ வந்தால், என் வால்வு ஆம்ப்ளிஃபயரை மாரெட்பள்ளி வீட்டின் இரண்டாவது மாடியிலிருந்து இறக்கி ஆட்டோவில் ஏற்றுவேன். போன வருஷம் அப்படித் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டேன்.

பார்க்க வந்த நண்பன் டிபன் டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"உன் ஆம்போட சத்தத்தை அப்படியே இதுக்குள்ள எடுத்து வெச்சிடலாம். கைக்குடா, எதுக்கு அந்தக் கனத்தைத் தூக்கிட்டு அலையணும்?"

"நக்கோ, வேண்டாம். நகல் நகல்தான். திரும்பி உட்கார்ந்துக்கிட்டே எது நிஜம்னு சொல்லிடுவேன்."

இடுப்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அல்வாலில் அவன் வீட்டு ஹாலில் அதைச் சோதித்தோம். ஆம்பையும், பெட்டியை இணைத்த ஸ்பீக்கரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். நான் அவற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாசித்தேன். ஸ்விட்சை மாற்றும் வேலை என் மனைவிக்கு. பாட்டு, வாத்தியம் எதிலும் அவளுக்கு நாட்டமில்லை.

பத்து முறை மாற்றினாள். "ஆம்ப்", "பெட்டி", "ஆம்ப்" என்று நான் தயங்காமல் சொன்னேன். நண்பன் குறித்துக்கொண்டான். முடிவில் ஆறு தப்பு.

"பரவாயில்லையே, பெட்டி அசலாட்டமே இருக்கு," என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"விளையாடுறீங்களா?" என்றாள் மனைவி. "நீங்க வாசிக்காம இருக்கும்போதே தெரியுதே. இதுல மட்டும் உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வந்துட்டே இருக்கே."

அவள் காட்டியது ஆம்பை. எழுந்துபோய் அதன் முன் மண்டியிட்டு, ஸ்பீக்கரை மூடிய துணியில் கன்னம் படும்படி காதை வைத்தேன். அடியில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"இப்பவும் வருதா?" என்று கேட்டேன்.

"ஹவ்டா, வருது," என்றான் நண்பன் மெதுவாக. பெட்டியில் இரைச்சலை அடக்கி வைத்திருந்தானாம். அந்த ஒரு வித்தியாசத்திலேயே நான் முதல் தடவையே பிடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தானாம்.

மறுவாரம் செகந்திராபாத்தில் ஒரு காது மருத்துவரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்த பெண் ஒவ்வொரு விசையாகத் தட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. தட்டுகிறாள், அப்படியென்றால் சத்தம் வருகிறது என்று எனக்குப் புரிந்தது. பொய்யாக ஒருமுறை அழுத்தினேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

இத்தனை வருஷம் டிரம்ஸின் சிம்பலுக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்றதில் நரம்பு கெட்டிருக்கிறது, உச்ச ஒலிகள் போனது போனதுதான் என்றார் மருத்துவர். மருந்து? இல்லை. ஆபரேஷன்? இல்லை. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேறென்ன கேட்பதென்று தெரியாமல், சொட்டு மருந்தாவது உண்டா என்று கேட்டேன்.

வெளியே வந்து நண்பனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா உன் சத்தம் காதைக் குத்துதுன்னு எல்லாரும் சொல்லிட்டுதானேடா இருந்தோம்," என்றான்.

சொன்னார்கள்தான். அவர்களுக்கு ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டு, உச்ச ஒலியைக் கூட்டும் ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன்.

அடுத்த ஒத்திகையில் பெட்டியை அவனே இணைத்தான். ட்ரெபிளைக் குறைத்துக்கொண்டே போனான். என் கிதார் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கிக்கொண்டே வந்தது.

"இது சரியா இருக்காடா?" என்றான், பழக்கத்தில்.

"நீதான் சொல்லணும்," என்றேன்.

டிரம்ஸ் வாசிப்பவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எல்லோருக்கும் பிடித்திருந்த அந்தச் சத்தத்தில், எனக்குக் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கடைசிவரை வாசித்தேன்.